மூத்த குழந்தையைத் தூக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாவது பிள்ளை உண்டானதுமே 'மூத்ததைத் தூக்காதே' என்று வீட்டுக்கு வீடு தடை போடுகிறார்கள். மருத்துவர் தடுக்காதவரை இந்தக் கெடுபிடி வேண்டியதில்லை. தூக்கும் விதம்தான் முக்கியம். கர்ப்பத்தில் மூட்டு இணைப்புகள் தளர்ந்திருப்பதால், குனிந்து தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி இறங்கி, குழந்தையை மார்போடு அணைத்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். முடிந்தால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அதுவே மடியில் ஏறட்டும் என்று விடுங்கள். 2 வயதுக்கு அந்தச் சாமர்த்தியம் தாராளமாக உண்டு.

தூக்குவதைவிடப் பலரும் கவனிக்காதது, மூத்த குழந்தையிடமிருந்து தாய்க்குத் தொற்றக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் என்ற கிருமி. சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கக்கூடியது. வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றினால் காது கேட்கும் திறன்கூடப் பாதிக்கப்படலாம். டயபர் மாற்றியதும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். குழந்தை மிச்சம் வைத்ததைச் சாப்பிடாதீர்கள். முத்தம் உதட்டில் வேண்டாம், நெற்றியில் கொடுக்கலாம்.

– வாசகர் ஒருவர்