வாட்ச் கடை பாய்க்கும் மத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பழைய சண்டைங்கள குட்டி உலோக சிப்பாய் பொம்மைங்கள வெச்சு டேபிள் மேல ஆடறோமே, அந்த கேமுக்கு நான் பெயிண்ட் பண்ணி வெச்ச பொம்மைங்க பெட்டிய வெள்ளிக்கிழமை ராத்திரி திறந்தப்போ, எல்லாம் ஒடஞ்சு என்ன கோலத்துல இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அத திரும்ப எழுத மனசு வரல. ஆனா ஞாயித்துக்கிழமை 1806 கேம், அதான் வேலூர் கோட்டை சிப்பாய் புரட்சி, நடந்துச்சு, நல்லபடியா நடந்துச்சு. கைநடுக்கம் இன்னும் போகல, அதுக்குள்ள நன்றி சொல்லிடணும்.

முதல்ல லாங் பஜார் வாட்ச் கடை பாய். சனிக்கிழமை வந்தவாசி 1760 கேம் (இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதுன சண்டை) முடிஞ்சதும் சன்னமான பித்தளை கம்பி தேடி பஜாருக்கு போனேன், ஏன்னா சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுன துப்பாக்கியெல்லாம் தொட்டாலே விழுது. 28 மில்லிமீட்டர் உயர சிப்பாயோட மணிக்கட்டு தீக்குச்சி கனம் கூட இருக்காது, கடையில கிடைக்கற கம்பியெல்லாம் அதுக்கு தடி. பாய் ஷட்டர பாதி இறக்கிட்டாரு. "சன்னமா கம்பி இருக்கா பாய்"னு கேட்டேன், அவ்ளோதான். எதுக்குன்னாரு, பெட்டிய காட்டுனேன். ஒரு சிப்பாய எடுத்து லைட்டுக்கு கீழ புடிச்சு, லென்ஸ கண்ணுல மாட்டிக்கிட்டு திருப்பி திருப்பி பாத்தாரு. "ஒட்டுனா நிக்காது தம்பி, ஓட்டை போட்டு ஊசி வெக்கணும்"னு சொல்லிட்டு ஷட்டர திரும்ப மேல தூக்கிட்டாரு.

செவப்பு கோட்டு பெயிண்ட் உரியக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல, அவரே கண்ணாடி தொடைக்கற துணிய சுத்தி பொம்மைய புடிச்சாரு. கையால திருகுற குட்டி ட்ரில்லு, வெள்ளையா சுருள் சுருளா உலோகம் வெளிய வருது, ரப்பர் பல்ப அமுக்கி ஒரு ஊது, அப்புறம் கம்பி, துளி அரால்டைட். மார்ல குறுக்கா போற வெள்ளை பெல்ட்டு, அத நான் எவ்ளோ நேரம் மூச்ச புடிச்சு போட்டேன்னு பெயிண்ட் பண்றவங்களுக்கு தெரியும், அதுல ஒரு கீறல் விழல.

நடுவுல, "இன்னா தம்பி, இவங்க தலையில இருக்கறது டர்பனா தொப்பியா?"ன்னு கேட்டாரு. அது எம்-சீல்ல நானே பண்ணது. கிழக்கிந்திய கம்பெனிக்காரன் சிப்பாய்ங்களுக்கு கொண்டாந்த புது தலைப்பாகை, தொப்பி மாதிரி இருக்கும், அதுல தோல்ல ஒரு சின்னம் வேற, நெத்தியில நாமம் விபூதி கூடாது, தாடி கூடாதுன்னு உத்தரவு, அதுலதான் 1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்ன நம்ம கோட்டையில வெடிச்சுதுன்னு சொன்னேன். திப்புவோட பசங்கள இங்கதான் வெச்சிருந்தாங்க, புலிக்கொடி ஏத்துனாங்க, ஆற்காட்டுலருந்து வெள்ளைக்கார தளபதி கில்லெஸ்பி 19வது டிராகூன் குதிரைப்படையோட வந்து பீரங்கியால கதவ ஒடைச்சான், எல்லாம் சொன்னேன். "உள்ள மாட்டுனவங்கள இன்னா பண்ணாங்க?"ன்னாரு. அரண்மனையில ஒளிஞ்சிருந்த சிப்பாய்ங்க கிட்டத்தட்ட நூறு பேர வெளிய இழுத்து செவுத்தோரம் நிக்க வெச்சு சுட்டாங்கன்னு சொன்னேன். ட்வீசர கீழ வெச்சுட்டாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அடுத்த பொம்மைய எடுத்தாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு பேட்டரி மாத்துற காசு மட்டும் வாங்கிக்கிட்டாரு, மேல குடுத்தத தொடவே இல்ல.

மத்தவங்களுக்கு: விடிய விடிய பொம்மைங்க காலடியில பேஸ் தட்டு ஒட்டி மண்ணு தூவுன காலேஜ் பசங்க, தெர்மோகோல்ல கோட்டை செவுர திரும்ப வெட்டி குடுத்த காட்பாடி அண்ணன், தன்னோட குதிரைங்கள அப்படியே தூக்கி குடுத்த ராணிப்பேட்டை நண்பர், ரெண்டு நாளும் எல்லாருக்கும் சோறு அனுப்புன அக்கா, நான் ஒடஞ்சு ஒக்காந்திருந்தப்போ ஒரு வார்த்தை பேசாம பக்கத்துல ஒக்காந்து ப்ரைமர் அடிச்சவங்க, உங்க எல்லாருக்கும் மனசார நன்றி. பேர் போட வேணாம்னு நீங்களே சொன்னதால போடல.

கேம கதவு ஒடையற டர்ன்லயே நிறுத்துனது ஏன்னு சில பேர் கேட்டீங்க. ரூல்ஸ்படி இன்னும் டர்ன் பாக்கி இருந்துச்சு, உண்மைதான். பாரக்ஸ்ல தூங்கிக்கிட்டிருந்த 69வது ரெஜிமெண்ட் வெள்ளைக்கார ஆளுங்க செத்ததும் அதே விடிகாலைதான், அந்த செவுத்தோரம் நடந்ததும் அதே நாள்தான். கதவு வரைக்கும்தான் சண்டை, அதுக்கப்புறம் நடந்தது சண்டை இல்ல, அதுக்கு டைஸ் உருட்ட எனக்கு கை வராது. இனிமே நான் நடத்துற 1806 கேம் எப்பவும் கதவோட நிக்கும், இது என் முடிவு, சண்டைக்கு வராதீங்க.

இன்னொண்ணு. பாய் அந்த குட்டி ட்ரில்லு எங்க கிடைக்கும்னு சொல்லிட்டாரு. அடுத்த தடவ சோளிங்கர் 1781 கேம் (ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் நடந்த சண்டை) போடறப்போ ஓரமா ஒரு டேபிள்ல கம்பி, ட்ரில்லு, அரால்டைட்டோட நான் இருப்பேன், யார் பொம்மை ஒடைஞ்சாலும் எடுத்துட்டு வாங்க, எந்த படையா இருந்தாலும் பரவால்ல. பாயயும் கூப்பிட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமைன்னா வரேன்னாரு. வந்தா ஹைதர் அலி பக்கம் அவருக்கு ஒரு இடம் ஒதுக்கி வெச்சிருங்க.