தமிழில் அனிமே விமர்சனம் எழுதுவோருக்கு: வீனஸுக்கு ஒரு வரி போதாது

அன்புடையீர்,

வணக்கம். மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையாகவும் அனிமே என்னும் அசைபடத் தொடராகவும் வந்த 'சைலர் மூன்' பற்றித் தமிழில் வரும் விமர்சனங்களை விடாமல் படிக்கும் வாசகர் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கோள்களின் பெயர் தாங்கிய அதன் வீராங்கனைகளில் ஒருத்தியான மினாகோ ஐனோ என்னும் சைலர் வீனஸைப் பற்றிப் பேச வரும்போது, ரோமானியக் காதல் தேவதையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்ற ஒற்றை வரியோடு அடுத்த பாத்திரத்துக்குத் தாவிவிடுகிறீர்கள். சொன்னது பிழையில்லை, ஆனால் கால்வாசிகூட ஆகாது. நவோகோ தாகேவுச்சி 1991இல் தொடங்கிய 'கோட்நேம் சைலர் வி' மங்காவின் நாயகியே மினாகோதான் என்பதையும், சைலர் மூன் அதிலிருந்து கிளைத்தது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அவள் பெயருக்குச் சில பத்திகளாவது ஒதுக்குவது நியாயம்.

ரோமில் வீனஸ் காதலுக்கு மட்டும் உரியவளாக இருந்ததில்லை. டிராய் நகரிலிருந்து தப்பிவந்து ரோமானியரின் மூதாதையான ஈனியாஸைப் பெற்றவள் என்பதால், அந்த மக்களுக்கே அவள் குலத்தாய். தம் குடி ஈனியாஸின் வழிவந்தது என்று உரிமை கொண்டாடிய ஜூலியஸ் சீசர், பார்சாலஸ் போருக்கு முன் நேர்ந்துகொண்டபடி, 'வீனஸ் ஜெனிட்ரிக்ஸ்', அதாவது ஈன்ற தாய் வீனஸ், என்ற பெயரில் அவளுக்குக் கோயில் எழுப்பி, கி.மு. 46இல் அர்ப்பணித்தார். அந்தப் போரில் அவரிடம் தோற்ற ரோமானியத் தளபதி பாம்பேயோ, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தம் கல் அரங்கின் உச்சியில் வெற்றி தரும் வீனஸுக்குக் கோயில் கட்டியிருந்தார். எதிரெதிரே நின்ற இரு தளபதிகளும் கைகூப்பியது ஒரே தெய்வத்தை நோக்கித்தான். கதையில் இளவரசியான சைலர் மூனைக் காக்கும் நால்வருக்கு மினாகோ தலைவியாவது எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆசிரியர் இதை எண்ணியே செய்தார் என்று அடித்துச் சொல்லவில்லை. பெயர் அந்தப் பொறுப்பைத் தாங்குகிறது என்கிறேன், அவ்வளவே.

அடோனிஸ் விஷயத்தில் அந்தத் தயக்கமும் தேவையில்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய கதையில், காட்டுப்பன்றி குத்திக் கிழித்த, வீனஸின் காதலன் அடோனிஸின் குருதியில் வீனஸ் தேனமுதைத் தெளிக்க, காற்று பட்டாலே உதிர்ந்துவிடும் செந்நிறப் பூ ஒன்று பிறக்கிறது. 'சைலர் வி'யின் முடிவில், காய்தோ ஏஸ் என்ற முகமூடிக்காரன் முற்பிறவியில் வீனஸை மனத்துக்குள்ளேயே காதலித்த அடோனிஸ் என்று தெரியவருகிறது. இங்கே காட்டுப்பன்றி இல்லை. அவனை வீழ்த்த வேண்டியவள் மினாகோவே. உன் காதல் என்றைக்கும் நிறைவேறாது என்று அவளுக்கு எதிர்காலம் உரைப்பவனும் அவன்தான். பழங்கதையை இவ்வளவு துணிச்சலாகத் திருப்பிப்போட்ட இடத்தை உங்களில் எவரும் தொடாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதே சமயம், எல்லாவற்றையும் ரோமின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ஜப்பானியர்கள் கோள்களைச் சீன மரபின் ஐம்பூதங்களால் அழைக்கிறார்கள்: புதன் நீர், செவ்வாய் நெருப்பு, வியாழன் மரம், வெள்ளி உலோகம். ஆங்கிலத்தில் புதனுக்கு மெர்குரி, வியாழனுக்கு ஜூபிட்டர், வெள்ளிக்கு வீனஸ் என்று பெயர். தூதும் வணிகமும் பார்த்த ரோமானிய மெர்குரிக்கு நீரோடு உறவில்லை. சைலர் மெர்குரி நீரைக் கையாள்வது இந்த மரபால்தான். சைலர் ஜூபிட்டரிடம் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன: இடி ரோமிலிருந்து, மரமும் இலையும் சீனத்திலிருந்து. மினாகோவின் பொன்னிறச் சங்கிலி உலோகத்தின் கூறு. அதன் கண்ணிகள் இதய வடிவில் இருப்பது வீனஸின் கூறு. வெள்ளிக் கோளில் அவளுக்குரிய கோட்டைக்கு மகெல்லன் என்று பெயர். 1990இல் அக்கோளை அடைந்த விண்கலத்தின் பெயர் அது. ஆக, அந்தத் தெய்வப்பெயர் வானியல் வழியாகவும் மங்காவுக்குள் வந்திருக்கிறது.

இன்னொன்று: கதையில் வரும் பேசும் பூனைகளான லூனா, ஆர்ட்டெமிஸ், டயானா மூன்றின் பெயர்களையும் ரோமானியப் பெயர்கள் என்றே எழுதிவருகிறீர்கள். லூனாவும் டயானாவும் ரோமானியர். ஆர்ட்டெமிஸ் கிரேக்கப் பெண் தெய்வம், அதுவும் ஓர் ஆண் பூனைக்கு வைத்த பெயர். அடுத்த கட்டுரையில் இதையேனும் திருத்தி எழுதுங்கள். மினாகோவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்