கணினி கடவுளை நிரூபித்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

'கடவுள் இருப்பதைக் கணினி நிரூபித்துவிட்டது' என்ற பழைய செய்தி எங்கள் சைவ சித்தாந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் சுற்றுகிறது. அதைக் கண்டு பூரிப்பவர்கள், கேலி செய்பவர்கள் இரு தரப்புக்கும் நடந்தது என்னவென்று தெரிய வேண்டும்.

தர்க்க மேதை கூர்ட் கோடெல், கடவுள் உண்டு என்று காட்ட எழுதிய வாதத்தை 2013-இல் பென்ஸ்முல்லர், பாலியோ என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றிச் சரிபார்த்தார்கள். டேனா ஸ்காட் என்ற தர்க்க அறிஞர் திருத்திய வடிவம் தேறியது. அதாவது, எடுகோள்களை (உண்மை என்று வைத்துக்கொண்டு தொடங்கும் கூற்றுகளை) ஒப்புக்கொண்டால் முடிவும் வரும், அவ்வளவுதான். கோடெலின் 1970 கையெழுத்துப் படி தேறவில்லை. ஒரு வரையறையில் சின்ன நிபந்தனை விடுபட்டதால் எடுகோள்களே முரண்படுகின்றன என்பதை லியோ-2 என்ற மென்பொருள் கண்டுபிடித்தது. ஸ்காட் வடிவத்தை ஏற்றுக்கொண்டாலோ, நடப்பதெல்லாம் நடந்தே தீரவேண்டும், வேறு விதமாக நடக்க வழியே இல்லை என்றாகிறது. வினையும் முயற்சியும் பேசும் நமக்கு இது சம்மதமா?

அண்மையில், கணினித்துறையில் படிக்கும் என் மகளும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தை, வாதங்களைச் சரிபார்க்கும் இசபெல் என்ற இலவச மென்பொருளில் எழுதிப் பார்த்தோம். 'தோன்றும் ஒவ்வொன்றையும் தோற்றுவித்தது ஏதோ ஒன்று உண்டு. ஆகவே எல்லாவற்றையும் தோற்றுவித்த ஒன்று உண்டு' என்றோம். சில நொடிகளில் எதிர்க்காட்டு, அதாவது முதல் கூற்று சரியாக இருந்தும் முடிவு பொய்யாகும் ஓர் எடுத்துக்காட்டு வந்தது: இரண்டே பொருள்கள், ஒவ்வொன்றும் தன்னைத்தானே தோற்றுவிக்கிறது! சரி, எதுவும் தன்னைத்தானே தோற்றுவிக்காது என்று ஒரு வரி சேர்த்தோம். அப்புறம் ஒன்றை மற்றொன்று தோற்றுவிப்பதாகக் காட்டியது.

சூத்திரத்தைத் திரும்பப் படித்தேன். 'அந்தம் ஆதி' (முடிவே முதல்) என்ற இரண்டு சொற்களை நாங்கள் விட்டிருந்தோம். எல்லாம் ஒடுங்குவது ஒன்றிலேயே, ஒடுக்குவது எதுவோ அதுவே தோற்றுவிப்பதும் என்று சேர்த்ததும் வாதம் நிறைவேறியது. பல வருடம் மனப்பாடமாகச் சொன்ன சொற்கள் அங்கே ஏன் இருக்கின்றன என்பது அன்றுதான் உறைத்தது. இனி விவாதிக்க வேண்டியதும் தெளிவாகிவிட்டது: எல்லாம் ஒடுங்குவது ஒன்றிலேதானா?

மெய்கண்டார் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று பிரித்துத்தான் வாதிடுகிறார். நம் இளையருக்கு அந்த ஒழுங்கு எளிதில் பிடிபடும். சிங்கப்பூரில் சமய வகுப்பு நடத்தும் கோயில்களும் மன்றங்களும் ஒரு மாலையாவது கணினியோடு இப்பாடத்தை நடத்திப் பார்க்க வேண்டும். மகளும் நானும் உதவத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ