அந்த ஒரு நிமிடத்தை எடுத்துவிடுங்கள்

மாடல் தேர்வு நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மறந்திருக்கலாம், இடுப்பளவு மறந்திருக்காது. போன வாரம் 'மறக்க முடியாத தருணங்கள்' என்று மறுபடி போட்டீர்களே, அதில் இஞ்ச் டேப்புக்கு நடுவில் அழுதுகொண்டு நிற்பவள் நான்தான். அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு வயிறு தட்டையாகத் தெரியட்டும் என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அளந்த அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் அளவைச் சொன்னார். "சத்தமா சொல்லுங்க, மைக்ல விழல" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி அளந்தார்கள். ஒரே இடுப்புக்கு இரண்டு டேக். நீங்கள் ஒளிபரப்பியது இரண்டாவதை, அதில்தான் நான் உடைந்து அழுதேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் மாடலிங் ஏஜென்சிகளுக்கு அலைந்தேன். "டிவியில பார்த்துப் பழகின முகம், உடுப்பை விட்டுட்டு உங்களைத்தான் பார்ப்பாங்க" என்றார்கள். சரி என்று அலுவலக வேலைக்குப் போனால், இரண்டாம் நாளே பக்கத்து மேசை ஃபோனிலிருந்து என் அழுகைச் சத்தம். ஏழு வருடமாகிறது, இன்றைக்கும் புதுச் சட்டை வாங்கினால் சைஸ் சீட்டை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பீரோவில் வைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயே என்பீர்கள். போட்டேன், பத்தொன்பது வயதில். ஆனால் வெளிநாடுகளைப் பாருங்கள்: ஸ்பெயினின் மாட்ரிட் ஃபேஷன் வீக்கில் 2006லேயே, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பிஎம்ஐ 18க்குக் கீழே இருந்த மாடல்களை மேடையேற்ற மறுத்தார்கள். பிரான்ஸில் 2017லிருந்து மாடல்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். பிரிட்டனில் 2021லிருந்து, பாதிக்கப்படக்கூடிய பங்கேற்பாளர்களின் நலனைக் கவனிக்க வேண்டும் என்று ஒளிபரப்பு விதியே இருக்கிறது. நீங்களும் கவனித்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை: வெளியேறிய நாளில் ஸ்பான்சரின் எடை மெஷின் ஒன்றைப் பரிசாகக் கையில் கொடுத்து அனுப்பினீர்கள்.

மன்னிக்கவும், கோபம் எட்டிப் பார்க்கிறது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். அப்புறம், இனி வருகிற பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகும் சில மாதம் பேச ஒரு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கிற விளம்பரம் நேற்றுதான் கண்ணில் பட்டது. அதிலும் அதே டேப், அதே நான். அதையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் போட்டியாளர்