பிரிண்டுக்கு முன் நெகட்டிவைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய குடும்பப் படங்களைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஆல்பத்திலுள்ள பிரிண்டுகளை மொபைலில் படம் எடுத்து வைத்தால் போதும் என்கிறது. போதாது. ஆல்பத்தின் பின்னட்டையிலோ ஸ்டுடியோ கவரிலோ நெகட்டிவ் துண்டுகள் இருந்தால், முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அவற்றைத்தான்.

பிரிண்ட் வெறும் நகல். பிரிண்டில் வெள்ளைத் திட்டாகத் தெரியும் சட்டையின் மடிப்புகள் நெகட்டிவில் பெரும்பாலும் பதிந்திருக்கும். பிரிண்ட் போடும்போது வெட்டுப்பட்ட ஓரமும் அதில் இருக்கும். இவற்றைப் பிரிண்டிலிருந்து எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இல்லாததை ஊகித்து வரையத்தான் முடியும்.

35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 36×24 மி.மீ. ஸ்கேனரை அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்று வைத்தால் ஏறக்குறைய 3400×2270 பிக்சல், அதாவது 7.7 மெகாபிக்சல் கிடைக்கும். வீட்டு பிளாட்பெட் (தட்டைக் கண்ணாடி) ஸ்கேனரில் அதற்கு மேல் போனால் கோப்பு பெருக்குமே தவிர விவரம் அவ்வளவாகக் கூடாது. பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும் அதன் லென்ஸ் அந்த அளவுக்குத் தருவதில்லை. மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனராகப் பார்த்து வாங்குங்கள். காகிதத்துக்கான ஸ்கேனரில் நெகட்டிவ் இருண்டுதான் வரும். நிற நுணுக்கத்தை அதிகம் தாங்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்தால் ஒரு படத்துக்குச் சுமார் 46 எம்பி ஆகும். கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சு நிறத்தைக் கழித்து வண்ணத்தைச் சரிசெய்யும்போது நீலமும் பச்சையும் வெகுவாக இழுபடும். 8 பிட் ஜேபெக் என்றால் வானத்தில் பட்டை பட்டையாக விழுந்துவிடும்.

கேமராவாலும் எடுக்கலாம். மிக அருகிலிருந்து அசல் அளவிலேயே பதிக்கும் 1:1 மேக்ரோ லென்ஸ், துளை அளவு எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, கேமரா சுருக்காமல் தரும் ரா கோப்பு ஆகியவை வேண்டும்; அறை விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். பிலிமை, கீழிருந்து ஒளி தரும் எல்.இ.டி. பலகையின் மேல் நேரடியாக வைக்காமல் சில செ.மீ. உயர்த்தினால் பலகையிலுள்ள தூசி படத்தில் விழாது. பிலிம் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரியும்படி கேமராவைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும்.

ஸ்கேனரில் எடுக்கும்போது பிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டினால் வானவில் வளையங்கள் விழும். அதனால் பிலிமை அதற்குரிய ஹோல்டரில்தான் வைக்க வேண்டும். தூசியைக் காற்றடிக்கும் ரப்பர் பல்பால் நீக்குங்கள். துணியால் தேய்த்தால் கீறல் நிரந்தரம். சில ஸ்கேனர்களில் உள்ள, அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதியை வழக்கமான கறுப்பு வெள்ளை பிலிமுக்குப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள வெள்ளி அந்தக் கதிரைத் தடுப்பதால், படத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் முகங்களைச் சிதைத்துவிடும்.

கவரைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த அமில ஆவி பக்கத்திலுள்ள பிலிமையும் கெடுக்கும். வாடை அடிக்கும் பிலிம்களை உடனே தனியாகப் பிரித்து, மற்றவற்றுக்கு முன்பாக ஸ்கேன் செய்யுங்கள்.

வேலை முடிந்தபின் நெகட்டிவைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, பாலிப்ரொப்பிலீன் உறையிலோ அமிலமற்ற காகித உறையிலோ போட்டு, ஈரமும் வெப்பமும் இல்லாத அலமாரியில் வையுங்கள். பரண் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்