டிரம்பெட்டை மெதுவாக ஊதுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய கிட்டார், டிரம்பெட் பாட்டு எப்படி இருந்தது என்று போனில் கேட்டாய். "நல்லா இருந்துச்சு பாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குச் சப்பென்று போயிருக்கும். என்ன செய்ய, போனில் எனக்குப் பேச வராது. அதுதான் பேனாவை எடுத்தேன். நாலு நாளாக எழுதுகிறேன், நடுவில் மை மாறியிருந்தால் கண்டுகொள்ளாதே.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பாய். காலையில் சவரம் செய்துகொண்டே போனில் போட்டுவிட்டேன். கிட்டார் வந்தது. சரி, டிரம்பெட் எப்போது வரும் என்று காத்திருந்தேன். பாதி முகத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அது வந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. யாரோ வாசல்படியில் நின்று செருப்பைக் கழற்றுவதுபோல அத்தனை அடக்கமாக உள்ளே வந்திருக்கிறது. 34 வருஷம் டிரம்பெட் ஊதியவன், டிரம்பெட் வந்ததே தெரியாமல் சோப்பு நுரையோடு நின்றேன். அன்று ராத்திரி 11 மணிக்கு மேல், நீ வாங்கிக் கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் மறுபடி முழுக்கக் கேட்டேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி தேடிப் படித்து விவரமெல்லாம் சொன்னான். கிட்டார் ரால்ஃப் டவுனர், அமெரிக்கர். டிரம்பெட் பாவ்லோ ஃப்ரேசு, சார்தீனியா தீவுக்காரர். 2008 அக்டோபரில் உங்கள் இத்தாலியிலேயே, உதினே பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் மியூனிக்கின் இ.சி.எம். என்ற ரெக்கார்டு கம்பெனி வெளியிட்டிருக்கிறது. இசைத்தட்டுக்குப் பெயர் 'கியாரோஸ்கூரோ'. ஓவியக்காரர்கள் வெளிச்சத்தையும் இருட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற வேலைக்கு அந்தப் பெயராம். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

எனக்கு ஆச்சரியமானது வேறு. டவுனருடைய அப்பா ஒரு டிரம்பெட்காரர். மகனும் ஐந்து வயதில் டிரம்பெட்டைத்தான் கையில் எடுத்திருக்கிறான். கிட்டாருக்கு வந்தது கல்லூரிக் காலத்தில், இருபது வயதைத் தாண்டி. அப்புறம் வியன்னாவுக்குப் போய் கார்ல் ஷைட் என்ற வாத்தியாரிடம் முறையாகப் படித்திருக்கிறார். ஆக, இந்தத் தட்டில் கிட்டாரைப் பிடித்திருக்கிறவருக்கு டிரம்பெட்காரன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். கேட்டுப் பார், ஃப்ரேசு மூச்சு எடுக்கிற இடத்திலெல்லாம் கிட்டார் ஒரு அடி முன்னால் வந்து நிற்கிறது. அந்த இடைவெளியை அடைக்கிற மாதிரி அவசரமாக வராது, தானாகவே அங்கே நிற்கிறது. எங்கள் பேண்டு பார்ட்டியில் கிளாரினெட்காரர் ஒருவர் இப்படி இருந்தார். நான் மூச்சு எடுக்கும்போது அவர் பாட்டைப் பிடித்துக்கொள்வார். தெருவில் நிற்கிறவனுக்கு பாட்டு அறுந்ததே தெரியாது.

இந்தக் கூட்டணி எவ்வளவு வில்லங்கமானது என்று உனக்குப் புரிகிறதா? நாதஸ்வரக்காரரை வீணைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜமக்காளத்தில் இரண்டு பேர் மட்டும், தவில் கிடையாது, மைக்கைக் கூட்டக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? ஒன்று கோபுர வாசலுக்குச் செய்தது, இன்னொன்று கூடத்துக்குச் செய்தது. டிரம்பெட்டும் அப்படித்தான். கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று பிறந்த சாமான். கிட்டாரில் மீட்டின சத்தம் மீட்டின நொடியிலிருந்து செத்துக்கொண்டே போகும். டிரம்பெட்டில் மூச்சு உள்ளவரை நிற்கும். இரண்டையும் சும்மா சேர்த்து வைத்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

இதற்கு டவுனர் ஒரு வேலை செய்திருக்கிறார். மூன்று கிட்டார் வைத்திருக்கிறார். ஒன்று நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல். இன்னொன்று 12 கம்பி, இரண்டு இரண்டாக ஆறு ஜோடி. கீழ் நாலு ஜோடியில் ஒரு கம்பி தடிமன், கூடவே அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒரு மெல்லிய கம்பி. அதனால் ஒரு தடவை தட்டினாலே இரண்டு பேர் வாசிப்பதுபோல மினுமினுக்கும். மூன்றாவதுதான் எனக்குப் புதுசு. பாரிடோன் கிட்டார். கழுத்து நீளம், கம்பி தடிமன், சுருதி சாதாரண கிட்டாருக்கு நாலு சுரமோ ஐந்து சுரமோ கீழே. பெயரைக் கேட்டதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. நம்ம பார்ட்டியில் யூஃபோனியம் என்ற அந்தப் பெரிய குழல் எதற்கு இருந்தது? டிரம்பெட்டும் கிளாரினெட்டும் மேலே பாடும்போது அடியில் ஒருவர் உட்கார வேண்டும். அதுதானே? சாதாரண கிட்டாரின் நடுப்பகுதியும் டிரம்பெட்டின் கீழ்ப்பகுதியும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். பாரிடோன் கீழே இறங்கிக்கொள்கிறது. மேல்மாடி காலி. அங்கே ஃப்ரேசு தன் இஷ்டத்துக்கு நடக்கிறார்.

நடக்கிறார் என்று சொன்னேனே தவிர, அவர் ஊதுகிற கோலத்தை வீடியோவில் பார்த்தால் நடக்கிறவர் மாதிரி இல்லை. நாற்காலியில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, குழலின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடித்திருக்கிறார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி. எங்கள் மாஸ்டர் பார்த்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பார். "குழல் வாய் வானத்தைப் பார்க்கணும்டா" என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். சில கச்சேரிகளில் ஒரே சுரத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார். நம்ம ஊரில் ஒத்து ஊதுகிறவர் கன்னத்தில் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு இழுப்பாரே, அதே வித்தை. நானும் பழகிப் பார்த்தேன், வரவில்லை. தலை சுற்றியதுதான் மிச்சம்.

மெதுவாக ஊதுவதைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலமாக ஊதுவதற்குத்தான் தெம்பு வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலமாக ஊதும்போது காற்றே உதட்டைத் தாங்கிக்கொள்ளும். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அந்தத் தாங்கல் போய்விடும். உதடு அதிரவும் வேண்டும், காற்று கூடவும் கூடாது. கொஞ்சம் தப்பினால் சுரம் வராமல் வெறும் புஸ்ஸென்று போகும். மார்கழி விடியலில் சாமி புறப்பாட்டுக்கு நிற்கும்போது குழல் ஜில்லென்று இருக்கும், குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். சத்தம் வராமல் வெறும் மூச்சை மட்டும் உள்ளே விட்டுச் சூடு பண்ணுவோம். இந்தத் தட்டில் சில இடங்களில் அந்த மூச்சும் காதில் விழுகிறது. எங்களுக்கு அது ஊர்வலத்துக்கு முந்தின ஆயத்தம். இவர் அதையே பாட்டில் சேர்த்துவிட்டார்.

அதில் 'ப்ளூ இன் க்ரீன்' என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன். அமெரிக்க ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்தது. மற்றதில் பெரும்பாலும் டவுனர் போட்ட மெட்டுகள். கடைசியில் வருகிற சின்னத் துண்டுகள் இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்தில் உண்டாக்கியவை. இந்தப் பாட்டில் என்ன விசேஷம் என்றால், ஒரு சுற்றுக்குப் பத்து 'பார்', அதாவது பத்து தாளக் கட்டம். நம்ம கை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் பழகியது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எட்டு முடிந்ததும் இதோ திரும்பப் போகிறது என்று நினைப்பேன், இன்னும் இரண்டு போகும். சுற்று எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்றே தெரியாது. கொலுசின் திருகாணியைத் தேடுகிற மாதிரி. இரண்டு பேரும் எதையும் எழுதி வைத்து வாசிக்கவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் அந்தத் திருகாணி எங்கே என்று தெரிந்திருக்கிறது. கோயிலில் வித்வான்கள் மனோதர்மம் என்பார்கள். எங்கள் தெரு வேலையில் அதற்கு இடம் இல்லை. பெண்ணழைப்பு என்றால் இந்தப் பாட்டு, பாடை எடுத்தால் அந்தப் பாட்டு, பணம் கொடுத்தவர் கேட்டதை ஊத வேண்டும்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரேசு பிறந்தது பெர்கித்தா என்ற ஊர். மூவாயிரம் பேர்கூட இல்லை. அவர் எங்கே டிரம்பெட் கற்றார் தெரியுமா? அந்த ஊர் பேண்டில். 11 வயதில் சேர்ந்திருக்கிறார். ஊர்ப் பேண்டு என்றால் அங்கேயும் திருவிழா, ஊர்வலம், சாவு எல்லாம்தானே. உலகமெல்லாம் போய் வாசித்த மனிதர், தன் கதையைச் சொல்லும்போது பேண்டிலிருந்துதான் தொடங்குகிறாராம். தம்பி படித்துச் சொன்னபோது நான் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னேன்.

நீ ஆறாவது படிக்கும்போது, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு 'மியூசிக் டீச்சர்' என்று எழுதிக் கொடுத்தாய். எனக்கு அப்போதே தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது உங்கள் டீச்சர் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டார், நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வருத்தம் என்று பெரிதாக இல்லை. சிவப்புக் கோட்டும் சரிகைத் தொப்பியும் மாட்டிக்கொண்டு உன் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ஊர்வலம் போன அன்று, நீ தூணுக்குப் பின்னால் போனதையும் பார்த்தேன். அதற்கு அப்புறம் அந்தத் தெரு வரும்போது மட்டும் நான் பின் வரிசைக்குப் போய்விடுவேன். இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. இப்போது நீயே தேடி எனக்கு ஒரு பேண்டுக்காரர் வாசித்த தட்டை அனுப்பியிருக்கிறாய். அவர் பேண்டுக்காரர் என்று தெரிந்து அனுப்பினாயா, தெரியாமலா? எனக்குப் பதில் எழுத வேண்டாம், வரும்போது சொல்.

அப்புறம், நான் பரணிலிருந்து டிரம்பெட்டை இறக்கினேன். மீரட்டில் செய்த அந்தப் பழையதுதான். அம்மா திட்டிக்கொண்டே புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள், "இந்த வயசுல யாரைக் கூப்பிடப் போறீங்க" என்று. ஊதிப் பார்த்தேன். பல் செட்டின் மேல்தட்டு நகர்ந்துகொண்டு காற்றெல்லாம் ஓரத்தில் போகிறது. டிரம்பெட்காரனுக்கு முன்பல் போனால் லிப் போச்சு என்பார்கள். ஆனால் ஃப்ரேசுவுக்குப் பிடித்த டிரம்பெட்காரர்களில் ஒருவர் செட் பேக்கர். அவரை 1966-இல் கலிபோர்னியாவில் யாரோ அடித்துப் பல்லைக் கெடுத்துவிட்டார்களாம். பல் செட் கட்டிக்கொண்டு, உதடு வைப்பதை முதலிலிருந்து பழகி, சில வருஷம் கழித்து மறுபடி மேடைக்கு வந்துவிட்டார். வந்த பிறகு வாசித்ததும் மெதுவாகத்தான். டிரம்ஸ்கூட இல்லாமல் கிட்டாரோடும் பாஸோடும். பலமாக ஊத முடியாது என்றால் மெதுவாக ஊதலாம் போலிருக்கிறது. இரண்டு வாரமாக, கீழ் சுரங்கள் நாலைந்து வருகின்றன. அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை, அதனால் மெதுவாகத்தான் ஊதுகிறேன் என்று அர்த்தம்.

உனக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். பெர்கித்தாவில் 1988-இலிருந்து ஃப்ரேசு ஒரு ஜாஸ் விழா நடத்துகிறார், ஆகஸ்ட் மாதம். காட்டுக்குள்ளும், வயல்வெளியில் தனியாக நிற்கிற சின்ன மாதா கோயில்களிலும்கூடக் கச்சேரி வைப்பார்களாம். தூரினிலிருந்து ஜெனோவா போய், ராத்திரி கப்பல் ஏறினால் காலையில் ஒல்பியா. அங்கிருந்து ரயில் இருக்கிறது. லீவு கிடைத்தால் போ. போனால் கூட்டத்தோடு பின்னால் நிற்காதே, முன்னால் போய் அவர் மூச்சு எடுக்கும்போது தோள் தூக்குகிறதா, வயிறு தூக்குகிறதா என்று பார். அந்த ஊர் பேண்டு வந்தால் அதையும் பார், யூனிஃபார்ம் என்ன நிறம் என்று எழுது.

இன்னொன்று, ஹார்மன் மியூட் ஒன்று வாங்கிக்கொண்டு வா. குழல் வாயில் செருகுகிற அலுமினிய மூடி, சுற்றிலும் கார்க் இருக்கும், அதனால் காற்று முழுக்க அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். நடுவில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். மைல்ஸ் டேவிஸ் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் ஊதுவார், அதனால்தான் அந்த ஈயப் பாத்திரத்துக்குள் பேசுகிற மாதிரியான சத்தம். ஃப்ரேசுவும் அதே வழிதான். நீ குழாயோடு சேர்த்தே வாங்கு, நான் பிடுங்கிக்கொள்கிறேன். மாட்டினால் சுருதி ஏறிவிடும், சுருதி சேர்க்கிற குழாயை, அதுதான் ட்யூனிங் ஸ்லைடு, கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். என்னுடையதில் ஸ்லைடு இறுகிப்போய்க் கிடக்கிறது. மண்ணெண்ணெய் விட்டு, துணி சுற்றி ஜன்னலில் வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் இளகிவிடும்.

இப்படிக்கு,
அப்பா