ஏழாம் நாளோட எண்ணிக்கைய நிறுத்தாதீங்க: தலைக்காய ஆராய்ச்சிக்கு பணம் ஒதுக்குறவங்களுக்கு ஒரு மடல்

கிராண்ட் கமிட்டியில இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

அடிபட்ட எலி மூளையில எத்தனை நியூரான் (நரம்பு செல்லு) மிச்சம் இருக்குன்னு மைக்ரோஸ்கோப்ல எண்ணுறது என் வேலை. பல வருஷமா இதத்தான் பண்றேன். உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, எண்ணுறதுக்கு இன்னும் நாள் குடுங்க.

எலிக்கு மயக்கம் குடுத்து, மண்டையோட்டுல சின்ன ஓட்டை போட்டு, தண்ணி அழுத்தத்தாலயோ பிஸ்டனாலயோ மூளைக்கு ஒரு அடி. அப்புறம் மூணாம் நாளோ ஏழாம் நாளோ, மிஞ்சிப்போனா ஒரு மாசத்துலயோ மூளைய எடுத்து செக்ஷன் போட்டு, அதாவது மெல்லிசா சீவி, எண்ணுறோம். அடி விழுந்த இடத்துல கார்டெக்ஸ் (மூளையோட மேல் அடுக்கு) அழிஞ்சு போறது யார் கண்ணுக்கும் தெரியும். என்னைத் தூங்க விடாதது தள்ளி இருக்குற செல்லுங்கதான். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ்ல சிஏ3, ஹைலஸ்ங்கிற பகுதிங்க, இன்னும் உள்ள போனா தாலமஸ், அங்கெல்லாம் பிஸ்டன் தொடவே இல்ல, ஆனாலும் குளூட்டமேட்ங்கிற ரசாயனம் அளவுக்கு மீறி கொட்டி, கால்சியம் உள்ள ஏறி, செல்லுக்கு சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியா படுத்து, செல்லு சாகுது. தாலமஸ்ல இருக்குறது இன்னும் மெதுவா, தான் ஆக்சான் (நீளமான நரம்பிழை) நீட்டியிருந்த கார்டெக்ஸே அழிஞ்சுபோனதால வாடி வாடிப் போகுது. 1997ல டக்ளஸ் ஸ்மித் குழு எலிகள ஒரு வருஷம் வரைக்கும் வச்சுப் பாத்தாங்க, அப்பவும் மூளை சுருங்கிக்கிட்டேதான் இருந்துச்சு, நியூரான் செத்துக்கிட்டேதான் இருந்துச்சு. எலியோட ஆயுசே ரெண்டு மூணு வருஷம்தாங்க.

அப்போ மருந்து குடுத்த எலியில ஏழாம் நாள் நியூரான் அதிகமா இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்? மருந்து செல்லக் காப்பாத்துச்சா, இல்ல சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுச்சா? ஏழாம் நாள் ஸ்லைடு இதுக்கு பதில் சொல்லாது.

எண்ணுறதுலயும் ஒரு விஷயம் இருக்கு, இத கொஞ்சம் பொறுமையா படிங்க. மாசக்கணக்குல ஆகும்போது திசு சுருங்குது, மிச்சம் இருக்குற செல்லுங்க நெருக்கமா வந்துடுது, ஒரு செக்ஷன்ல ஒரு கட்டத்துக்குள்ள எண்ணினா ஷாம் எலி (ஆபரேஷன் மட்டும் பண்ணி அடி குடுக்காத எலி) மாதிரியே நார்மலா தெரியும், மொத்தத்துல பாதி போயிருந்தாக்கூட. மொத நாட்கள்ல வீக்கம் இருக்குறப்போ நேர் எதிரா, ஒரு செல்லுகூட சாகாமயே எண்ணிக்கை கம்மியா காட்டும். அதனாலதான் ஸ்டீரியாலஜி வேணும்ங்கிறேன், அந்தப் பகுதி முழுக்க ஒழுங்கான இடைவெளியில செக்ஷன் எடுத்து, எது எந்த குரூப்னு தெரியாம எண்ணி, மொத்த எண்ணிக்கைய கணக்குப் பண்றது. ஒரு மூளைக்கே நாள் கணக்குல ஆகும். செல்லுக்கு நிறம் ஏத்துற ஸ்டெயினையும் கண்ண மூடிட்டு நம்ப முடியாது. ஃப்ளூரோ ஜேட்ங்கிற ஸ்டெயின் செத்துக்கிட்டு இருக்குற செல்லத்தான் காட்டும், செத்து சுத்தமா போனதுக்கு அப்புறம் காட்டாது. நியூரான மட்டும் காட்டுற நியூஎன் ஸ்டெயின் மங்கிப்போனா செல்லு செத்துச்சுன்னும் சொல்லிட முடியாது, உயிரோட இருக்குறதே சிலசமயம் ஸ்டெயின் ஆகாது.

தலைக்காயத்துக்கு மருந்தா குடுத்துப் பாத்த ப்ரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஞாபகம் இருக்கும். எலியில அவ்ளோ நம்பிக்கை குடுத்துச்சு, மனுஷங்ககிட்ட ரெண்டு பெரிய ட்ரையல், சேர்த்து 2,000 பேருக்கு மேல, 2014ல ரிசல்ட் வந்தப்போ ரெண்டுலயும் பலன் இல்ல. காரணம் நிறைய இருக்கும், நாள் கம்மியா பாத்ததுதான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா அவ்ளோ பேர ஒரு ட்ரையலுக்குள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடி எலியிலயாவது முழுசா பாத்துட்டோமான்னு ஒவ்வொரு புது மருந்துக்கும் கேக்கணும்.

நான் வேலை பாத்த ஒரு லேப்ல ஒரு பேட்ச் எலிகள ஆறு மாசம் வச்சுப் பாக்கலாம்னு கேட்டேன். கிராண்ட் முடியுது, கூண்டுச் செலவுக்கு காசில்லன்னு எல்லாத்தையும் ஏழாம் நாளே முடிச்சாச்சு. யாரையும் குறை சொல்ல முடியல, குடுத்த பணமும் டயமும் அவ்ளோதான். ஆனா அந்த எலிகளுக்கு அந்தக் காயத்தக் குடுத்தது நாமதானே, பாதிக் கேள்விக்கு மட்டும் பதில் எடுத்துக்கிட்டு கதவச் சாத்துறது எனக்கு ஆறவே இல்ல.

அதனால அடுத்த ரவுண்டுல நியூரானக் காப்பாத்துறோம்னு சொல்லி வர்ற ஒவ்வொரு அப்ளிகேஷன்லயும் ஒரு குரூப்பையாவது ஆறு மாசம் வைக்கச் சொல்லுங்க, ஆணும் பெண்ணும் கலந்து. அதுக்கான கூண்டுச் செலவையும் எண்ணுற ஆளோட சம்பளத்தையும் தனியா ஒதுக்குங்க. ஆறாம் மாசம் வித்தியாசமே இல்லன்னு ரிசல்ட் வந்தா, அதையும் வெளியிடச் சொல்லுங்க, அதுக்காக அந்த லேபுக்கு அடுத்த கிராண்ட வெட்டிடாதீங்க.